அப்டேட் ஏறலையா? ஹார்ட் டிஸ்கில் கை வைக்கும் முன் இதைப் படிங்க

"அப்டேட் ஏறவே மாட்டேங்குது. யூடியூப்ல ஒருத்தர் பத்தே நிமிஷத்துல சரி பண்ணிக் காட்டுறார், நாமளே பண்ணிடலாமா?" கணினி இருக்கிற வீடுகளிலும் தெருமுனை இணைய சேவை மையங்களிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நிறுவனம் அதிகாரப்பூர்வமான தீர்வைத் தருவதற்கு முன்பே நாமாக ஹார்ட் டிஸ்கில் கை வைத்தால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள, 2024-ல் உலகம் முழுக்க விண்டோஸ் 10 பயன்படுத்தியவர்களைப் படுத்திய ஒரு அப்டேட்டைப் பார்த்தாலே போதும்.

250 எம்பி இடத்துக்கு வந்த சண்டை

2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. பிட்லாக்கர் என்பது ஹார்ட் டிஸ்கில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் வசதி. அந்தப் பூட்டைக் குறுக்கு வழியில் தாண்டுவதற்கு இருந்த ஓட்டையை அடைப்பதுதான் இந்த அப்டேட்டின் வேலை. ஓட்டை இருந்தது விண்டோஸின் மீட்புப் பகுதியில், அதாவது ரெக்கவரி பார்ட்டிஷனில். கணினி கிளம்பாமல் மக்கர் செய்யும்போது அதை எழுப்பிவிடுவதற்காக டிஸ்கில் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் சின்ன அறை அது.

அப்டேட் ஏற வேண்டுமானால் அந்தச் சின்ன அறைக்குள் 250 எம்பி காலி இடம் இருக்க வேண்டும். ஏராளமான கணினிகளில் அவ்வளவு இடம் இல்லை. 'இடம் போதவில்லை' என்று சொல்லியிருந்தாலாவது புரிந்திருக்கும். ஆனால் திரையில் வந்தது 0எக்ஸ்80070643 என்ற பொதுவான பிழை எண் மட்டும். சி டிரைவில் 200 ஜிபி காலியாக வைத்திருந்தவர்கள்கூட, என்ன கோளாறு என்று தெரியாமல் திரும்பத் திரும்ப 'ரீட்ரை' பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். மீட்புப் பகுதியே இல்லாத கணினிகளிலும் இதே பிழை வந்தது. அவர்களுக்கு இந்த அப்டேட் தேவையே இல்லை, பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாப்ட்டே சொன்னது.

மற்றவர்களுக்கு அந்நிறுவனம் கொடுத்த வழி, டிஸ்கின் பிரிவுகளை நீங்களே கையால் மாற்றி அமையுங்கள் என்பது. நிறுவனத்தின் பக்கத்திலேயே இருந்த வழிமுறைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால், கணினி நிர்வாகம் தெரிந்தவர்களுக்காக. அதை அப்படியே வீடியோவாக்கி 'ரொம்ப ஈஸி' என்று தலைப்பு போட்டவர்கள் இந்த விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கறுப்புத் திரையில் என்ன நடக்கிறது?

முதலில் மீட்பு வசதியை அணைக்க வேண்டும். அடுத்து டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து, சி டிரைவை 250 எம்பி சுருக்க வேண்டும். பிறகு பழைய மீட்புப் பகுதியை அழித்து, அந்த இடத்தையும் சுருக்கிய இடத்தையும் சேர்த்துப் புதிய பகுதி உருவாக்கி, ஃபார்மட் செய்து, அதற்குரிய அடையாள எண்ணைக் கொடுத்து, மீட்பு வசதியை மீண்டும் இயக்க வேண்டும்.

டிஸ்க்பார்ட்டில் 'சி டிரைவ்', 'டி டிரைவ்' என்று பெயர் சொல்லித்தான் வேலை செய்ய வேண்டும் என்றில்லை. டிஸ்க் 0, டிஸ்க் 1, பார்ட்டிஷன் 3, பார்ட்டிஷன் 4 என்று எண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வழிமுறை. வீடியோ போட்டவரின் கணினியில் மீட்புப் பகுதி 4-ஆம் எண். உங்கள் கணினியில் 4-ஆம் எண், பத்து வருடத்துப் புகைப்படங்கள் இருக்கும் டி டிரைவாக இருக்கலாம். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகி வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று டிஸ்க்பார்ட் கேட்காது. அதோடு, பாதுகாக்கப்பட்ட பகுதியை அழிக்க விடாமல் வழக்கமாக ஒரு தடுப்பு இருக்கும். இந்த வழிமுறையில் வரும் 'ஓவர்ரைட்' என்ற சொல் அந்தத் தடுப்பையும் தள்ளிவிட்டுப் போகிறது. என்டர் தட்டினால் அவ்வளவுதான். ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

வழிமுறையைச் சரியாகப் பின்பற்றினாலும் சிக்கல் வரலாம். பழைய விண்டோஸ் 10 நிறுவல்களில் மீட்புப் பகுதி சி டிரைவுக்கு முன்னால் இருக்கும். சி-யைச் சுருக்கினால் காலி இடம் அதன் பின்பக்கம்தான் கிடைக்கும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சேராது. அங்கே போய் வீடியோவில் சொன்னபடி அடுத்தடுத்த கட்டளைகளைக் கொடுத்தால் டிஸ்க் அமைப்பு கலைந்துபோகும். சில மடிக்கணினிகளில் தயாரிப்பு நிறுவனமே தனியாக ஒரு மீட்புப் பகுதி வைத்திருக்கும். இரண்டில் எது எது என்று தெரியாமல் அதை அழித்துவிட்டால், வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பும் வசதி போச்சு. பாதி வேலையில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம்.

தவறுதலாக ஒரு பகுதி அழிந்துவிட்டால் உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் அழிவது முதலில் 'இந்த இடம் இன்னாருடையது' என்ற குறிப்பு மட்டும்தான், உள்ளே இருப்பது மேலே வேறு ஏதாவது எழுதப்படும் வரை இருக்கும். எனவே தரவு மீட்பு தெரிந்த நிபுணரிடம் கொண்டுபோனால் வாய்ப்பு உண்டு. இப்போதைய எஸ்எஸ்டி-யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஃபார்மட் செய்தவுடன் அந்த இடத்தைச் சுத்தப்படுத்தலாம் என்று விண்டோஸே எஸ்எஸ்டி-க்குச் சொல்லிவிடும்.

அந்த அப்டேட் அவ்வளவு அவசரமா?

இந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்க மறந்தார்கள். அந்த ஓட்டையைப் பயன்படுத்த, தாக்குபவர் உங்கள் கணினியை நேரில் கையில் எடுத்தாக வேண்டும். அதுவும் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால்தான் இந்த ஓட்டைக்கே அர்த்தம் உண்டு. பூட்டே போடாத வீட்டுக் கணினிக்கு, பூட்டில் உள்ள ஓட்டையால் என்ன நஷ்டம்? பிழை எண் வந்த கணினிகள் மற்றபடி ஒழுங்காகவே வேலை செய்தன. அலுவலக ரகசியங்களோடு ஊர் ஊராகப் பயணிக்கும் மடிக்கணினி என்றால் கதை வேறு. அங்கே காத்திருப்பது சரியல்ல. முழு பேக்கப் எடுத்துவிட்டு, தொழில்நுட்பப் பிரிவை வைத்துச் செய்துகொள்ள வேண்டிய வேலை அது.

சில மாதங்கள் கழித்து, விண்டோஸ் 10-க்குத் தானாகச் சரிசெய்யும் தீர்வு வராது என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. காத்திருந்தவர்களுக்கு இது எரிச்சல்தான், நியாயமான எரிச்சல். ஆனால் 2024 ஆகஸ்டில் பழைய அப்டேட்டை விலக்கிக்கொண்டு, கேபி5042320 என்ற புதியதைக் கொண்டுவந்தார்கள். மீட்புப் பகுதியில் போதிய இடம் இல்லாத கணினிகளுக்கு அது அனுப்பப்படுவதே இல்லை. எதுவுமே செய்யாமல் இருந்த வீட்டுக் கணினிகளில் அந்தச் சிவப்பு எழுத்துப் பிழை தானாக நின்றுபோனது.

போனிலும் இதே கதை

2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட பயனாளர் கணக்குகள் வைத்திருந்த சில பிக்சல் போன்களில் சேமிப்பகமே திறக்கவில்லை. போன் வேலை செய்தது, படங்களைப் பார்க்க முடியவில்லை. இன்னும் சில போன்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டன. 'சரி' என்று தட்டியவர்கள், பேக்கப் இல்லாத அனைத்தையும் இழக்க நேர்ந்தது. சேமிப்பகம் மட்டும் திறக்காத போன்களுக்கு, எதையும் அழிக்காமலே படங்களைத் திரும்பத் தரும் வகையில் கூகுள் நவம்பரில் அப்டேட் கொடுத்தது. அதற்கு முன்பே பொறுமை இழந்து 'ஃபேக்டரி ரீசெட்' செய்தவர்களின் படங்களை அந்த அப்டேட்டால் திருப்பித் தர முடியவில்லை. காத்திருக்க வேண்டியிருந்தது சுமார் ஒரு மாதம்.

செய்தே ஆக வேண்டும் என்றால்

சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அரசுத் துறைகள் டிஜிலாக்கரில் வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு இணையானவை. தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோவுக்கு எந்த அலுவலகமும் நகல் தராது. அதனால் முதல் வேலை, முக்கியமானதை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைப்பது. நகலெடுத்த கோப்புகள் வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். சேவை மையம் நடத்துபவர்கள், கல்லூரிச் சேர்க்கை போன்ற நெருக்கடியான நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வரிசையில் நிற்பவருக்கு அன்றுதான் கடைசித் தேதியாக இருக்கும்.

இரண்டாவது, பிட்லாக்கர் மீட்பு எண். பல புதிய மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். கணினி தொடங்கும் அமைப்பில் ஏதாவது மாறினால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். இப்போதே பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்துவிட்டு, அப்புறம் தேடக் கூடாது!

இன்னொன்று, போலித் தீர்வுகள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அடுத்த சில நாட்களிலேயே 'சரிசெய்யும் கருவி' என்ற பெயரில் வைரஸ் கோப்புகள் உலவ ஆரம்பித்துவிட்டன. நிறுவனத்தின் சொந்த இணையதளம் தவிர வேறு எங்கிருந்தும் 'ஃபிக்ஸ்' இறக்க வேண்டாம். போனில் அழைத்து, "சார், நான் இங்கிருந்தே சரி பண்ணித் தர்றேன், இந்த ஆப்பை மட்டும் போடுங்க" என்று யாராவது சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டு, பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.