சுவரேறிய காய்கறி மண்டி

கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய ஆறடி உயரமுள்ள சுருளோவியம் ஒன்று இருக்கிறது. கவிழ்த்து வைத்த கூடையின்மேல் ஒரு வெள்ளை முள்ளங்கி சாய்ந்து படுத்திருக்கிறது. பூசணி, கத்தரி, காளான், கிழங்கு என்று ஒரு மண்டியே அதைச் சூழ்ந்து துக்கம் காக்கிறது. பின்னால் மக்காச்சோளத் தட்டைகள் நெடிதுயர்ந்து நிற்கின்றன. சால மரங்களின் நடுவே புத்தர் பரிநிர்வாணம் அடையும் காட்சியைத்தான் ஓவியர் இப்படிக் காய்கறிகளைக் கொண்டே கறுப்பு மையில் தீட்டியிருக்கிறார்.

வரைந்தவர் இட்டோ ஜகுச்சூ (1716–1800). கியோட்டோவின் நிஷிகி கடைத்தெருவில் காய்கறி மொத்த வியாபாரக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. தந்தை இறந்தபின் இளம் வயதிலேயே கடைப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. நாற்பது வயதில் அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேர ஓவியரானார். ஆனாலும் சந்தை அவரை விடவில்லை. 1770களின் தொடக்கத்தில் நிஷிகி சந்தையையே மூடிவிடும் அளவுக்குச் சிக்கல் வந்தபோது, தூரிகையை ஓரம் வைத்துவிட்டு அதிகாரிகளிடம் நடையாய் நடந்து சந்தையைக் காப்பாற்றியவர்களில் அவரும் ஒருவர்.

புத்தரை முள்ளங்கியாக்கியது கிண்டலா? அப்படித் தோன்றவில்லை. புல்லுக்கும் மரத்துக்கும்கூடப் புத்தநிலை உண்டு என்ற எண்ணம் ஜப்பானிய பௌத்தத்தில் ஆழமாக வேரூன்றியது. ஜகுச்சூ ஜென் மரபில் பற்றுள்ளவர். தாயின் மறைவையொட்டி இதை வரைந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. பக்தியோடு வரைந்த படம்தான் என்றாலும், பார்ப்பவர் உதட்டில் சிரிப்பு வந்துவிடுகிறது. அதை ஓவியர் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. இன்று நிஷிகி சந்தையில் கடைகள் அடைத்தபின் நடந்தால், இறக்கிவிட்ட ஷட்டர்களில் அவருடைய சேவல்களையும் காய்கறிகளையும் பார்க்கலாம்.

சமைத்த பண்டத்தைவிடச் சமைக்காத பொருளே சுவருக்கு ஏற்றது என்ற ரசனை ஜப்பானில் பழையது. அதற்கு வீட்டமைப்பும் துணை நின்றது. மரபான ஜப்பானிய வீட்டின் விருந்தினர் அறையில் தோகோனோமா என்ற மாடம் இருக்கும். அங்கே தொங்கும் சுருளோவியத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றுவார்கள். எந்தக் காய் எப்போது விளையும், எந்த மீன் எப்போது ருசிக்கும் என்று அறிந்தவர்களுக்கு அந்தப் படம் நாட்காட்டிபோலப் பேசும். புத்தாண்டுக்கு இறால் வகைகள் பொருத்தம். வளைந்த முதுகு நீண்ட ஆயுளின் அடையாளமாம். கத்தரிக்காய்க்கு இன்னும் பெரிய யோகம். ஆண்டின் முதல் கனவில் ஃபூஜி மலை, பருந்து, கத்தரிக்காய் ஆகியவை வந்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை இருப்பதால், மலைக்கும் பருந்துக்கும் சமமாக அது படங்களில் இடம்பிடித்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கட்டை அச்சு மலிவாகப் பெருகியபோது இந்த ரசனை பொதுமக்கள் கைக்கும் வந்தது. இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன ஹிரோஷிகே 1830களில் மீன்களை வரிசையாக வரைந்தார். வேடிக்கைக் கவிதை எழுதும் குழு ஒன்று கேட்டுக்கொண்டதால் தொடங்கிய வேலை அது. மீன் மட்டும் தனியாக இராது. ஒரு படத்தில் மீனோடு வசாபி, இன்னொன்றில் சுருக்கென்று நாக்கைத் தைக்கும் சான்ஷோ. சமையற்காரர் பலகையில் எடுத்து வைத்தது போலவே இருக்கும்.

அவருடைய வழிவந்த ஹிரோகாகே 1859இல் செய்தது வேறு மாதிரி. காய்கறிப் படையும் மீன் படையும் கவசம் பூண்டு மோதும் பெரும் போர்; மீன் பக்கம் ஒரு பிரம்மாண்ட ஆக்டோபஸ். முந்தைய ஆண்டுதான் எடோ நகரை (இன்றைய டோக்கியோ) காலரா உலுக்கியிருந்தது. மீனைக் கண்டால் ஜனங்கள் பயந்த நேரம். அதைத்தான் படம் காட்டுகிறது என்பது ஒரு விளக்கம். அன்றைய ராணுவ ஆட்சித் தலைவரான ஷோகனின் வாரிசுச் சண்டையை நையாண்டி செய்கிறது என்பது மற்றொன்று.

மேற்கத்திய எண்ணெய் வண்ணம் வந்தபோதும் முதல் சாதனைகளில் ஒன்று மளிகைச் சாமான்தான். தகஹாஷி யூயிச்சி 1877 வாக்கில் வரைந்த ‘சால்மன்’ டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கயிற்றில் தொங்கும் உப்பிட்ட மீன். கொஞ்சம் சதையை யாரோ ஏற்கெனவே அரிந்து எடுத்துவிட்டார்கள். உலர்ந்த தோலின் சுருக்கம், வெட்டிய இடத்தின் செம்மை எல்லாம் தொட்டுப் பார்க்கத் தூண்டும். ஆண்டிறுதியில் உப்பு சால்மனைப் பரிசளிப்பது அங்கே வழக்கம் என்பதால், அந்தக் காலத்தவருக்கு இது வீட்டுச் சமையலறையில் கண்ட காட்சி.

வரையவே தெரியாதவர்களும் சுவருக்கு மீன் கொண்டுவந்தார்கள். இன்றைய யமகாட்டா மாநிலத்தின் ஷோனாய் பகுதியில் சாமுராய்களுக்குத் தூண்டிலும் ஒரு பயிற்சி. பிடித்த மீனின் அளவைப் பொய்யில்லாமல் காட்ட அவர்கள் கண்ட வழி கியோதாக்கு. மீனின் வழுவழுப்பைக் கழுவித் துடைத்து, மையைத் தடவி, மெல்லிய தாளைப் போர்த்திக் கையால் அழுத்தி உரித்தால், செதில் செதிலாக மீன் தாளில் பதிந்துவிடும். கண்ணை மட்டும் பிறகு தூரிகையால் வைப்பார்கள். 1839இல் எடுத்த பதிவு இப்போதும் இருக்கிறது. தூண்டில் கடைகளிலும் மீனுணவு விடுதிகளிலும் இத்தகைய பதிவுகள் இன்றும் தொங்குகின்றன.

இப்போது உலகெங்கும் வீட்டுச் சமையலறைகளுக்கென்று ஜப்பானியச் சமையற்பொருள் சுவரொட்டிகள் விற்கின்றன. யூசு எலுமிச்சை, ஷிடாகே காளான், தாமரைக் கிழங்கு, நோரி என்று வரிசை நீளும். பல படங்கள் வெறும் அழகுக்கு வரைந்தவை. வாங்குபவர் வசாபியை மட்டும் உற்றுப் பார்த்தால் போதும். ஓடும் நீரில் வளரும் அந்தச் செடியின் தண்டில் இலைகள் உதிர்ந்த வடுக்கள் கரடுமுரடாக வரிசை கட்டியிருக்கும். இலை இதய வடிவம். ட்யூபில் அடைத்து விற்கும் ‘வசாபி’யிலோ பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேறொரு கிழங்கும் பச்சை நிறமும்தான். ஓவியர் செடியைப் பார்த்து வரைந்தாரா, ட்யூபைப் பார்த்து வரைந்தாரா என்பதை அந்த வடுக்களே சொல்லிவிடும்.