ஈயக் குண்டும் அதன் மேலாடையும்

கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் என்னும் ஊர், ஈயக் குண்டின் வரலாற்றில் இருமுறை இடம்பெற்றுள்ளது. 1857ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், புதிய என்பீல்டு துப்பாக்கிக்குரிய தோட்டாக்களின் காகிதத்திற் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்னும் பேச்சு அங்குள்ள சிப்பாய்களிடையே எழுந்தது. அக்காகிதத்தைப் பல்லாற் கடித்துத் திறத்தல் அக்கால வழக்கமாதலின், அப்பேச்சு இரு சமயத்தார் உள்ளத்தையும் புண்படுத்திற்று. அவ்வாண்டு மே மாதம் மீரத்தில் மூண்ட பெருங்கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அவ்வூர்ப் படைக்கலச் சாலையிலேயே, மேலுறையானது முனையை மூடாதபடி விடப்பெற்ற குண்டு செய்யப்பட்டது. உடலுட் புகுந்ததும் விரிந்து கொடும்புண் செய்யும் அத்தகைய குண்டுகளைப் போரில் வழங்கலாகாது என 1899ஆம் ஆண்டின் ஹேக் மாநாடு விலக்கியது. முன்னது பூச்சைப் பற்றிய வழக்கு. பின்னது உறையைப் பற்றிய வழக்கு. ஈயத்திற்கு மேலாடை எற்றுக்கு? எவ்வாடை தக்கது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறவே இங்குப் புகுகின்றோம்.

ஈயம் நீரினும் பதினொரு மடங்குக்கு மேற் கனமுடையது, 327 பாகை வெப்பத்திலேயே உருகுவது, மிக மெல்லியது. மெல்லியதாதலின் துப்பாக்கிக் குழலிலுள்ள திருகுப் பள்ளங்களை நன்கு பற்றிச் சுழன்று செல்லும்; வெடிமருந்தின் ஆவி பக்கத்தே கசியாதபடி குழலை அடைத்தும் கொள்ளும். ஆயின் குணமே குற்றமாதலும் உண்டன்றோ? அம்மென்மையினாலேயே ஈயம் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்கிறது. அப்பிய ஈயம் குறியைக் கெடுக்கும். இதனைத் தடுக்கவே முன்னோர் கொழுப்பும் தேன்மெழுகும் பூசினர். குண்டின் வேகம் பெருகவே, மெழுகு போதாதாயிற்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எடுவர்டு ரூபின் 1882ஆம் ஆண்டிற் செம்பு உறையிட்ட குண்டை ஆக்கினார். நம் காலத்திலோ, செயற்கைப் பிசினை ஈயத்தின்மேற் படியச்செய்து, ஏறத்தாழ 200 பாகை வெப்பமுள்ள அடுப்பிற் சுட்டு இறுகவைக்கும் முறை வழக்கத்திற்கு வந்துளது. இதுவே பூச்சிட்ட ஈயக் குண்டு.

அமெரிக்க நாட்டிற் குறிசுடும் பந்தயத்தில் ஈடுபடுவோர் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, எரியூட்டியும் மருந்தும் குண்டும் புதிதாய் இட்டுத் தாமே தோட்டா செய்துகொள்வர். கூடு பன்முறை பயன்படும். குண்டோ ஒவ்வொரு முறையும் புதிதாய் வாங்கற்பாலது. செம்புறைக் குண்டு விலை மிக்கது. பூச்சிட்டது பெரும்பாலும் அதனினும் மலிவு. ஆதலின் அன்னார் இதனை விரும்புவர். இந்தியாவில், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றமாம் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

குண்டைத் தேர்வோர் முதற்கண் நோக்கற்பாலது அளவு. நிறத்தைக் கண்டு மயங்கலாகாது. 9 மில்லிமீட்டர்க் கைத்துப்பாக்கிக்குரிய செம்புறைக் குண்டின் குறுக்களவு 0.355 அங்குலம், ஈயக் குண்டோ பெரும்பாலும் 0.356 அங்குலமாயிருக்கும். 0.45 வகைக்கு இவை முறையே 0.451, 0.452 ஆகும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ன செய்யும் எனின், அதுவே அனைத்தும் செய்யும். குழலினும் குண்டு சிறிதாயின், அனல்போன்ற ஆவி இடைவெளியிற் பாய்ந்து பூச்சையும் ஈயத்தையும் அரித்துச் செல்லும். ஆகவே அறிவுடையோர், தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழலைத் தனியே கழற்றி, மெல்லிய ஈயத் துண்டொன்றை அதனுட் செலுத்தி எடுத்து, அதன் குறுக்களவை அளந்தறிந்த பின்னரே குண்டை வாங்குவர். பொருந்தாத குண்டை எப்பூச்சும் காவாது.

இரண்டாவது கடினம். பிரினெல் அளவையிற் கலப்பற்ற ஈயத்தின் கடினம் ஏறத்தாழ 5. ஈயம் 92, ஆண்டிமனி 6, வெள்ளீயம் 2 என்னும் விகிதத்திற் கலந்த உலோகம் ஏறத்தாழ 15 ஆகும். கடினம் மிக மிக நன்று என்பது பலர் கொண்ட பிழைபட்ட எண்ணம். அழுத்தம் குறைந்த தோட்டாவில் மிகக் கடினமான குண்டு சற்றும் பருத்துக் குழலை அடைக்கமாட்டாது. அதனால் ஆவி கசிந்து, தடுக்கக் கருதிய கேடே விளையும். கைத்துப்பாக்கியின் வேகத்திற்கு இடைப்பட்ட கடினமே சாலும்.

மூன்றாவது வடிவும் எடையும். தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு உருண்ட முனை இடறாது செல்லும். தட்டை முனை காகிதக் குறியில் வட்டமான துளை இடும். சுழல் அறைத் துப்பாக்கிக்கு அது நன்கு இயையும். 9 மில்லிமீட்டர் வகையில் 115, 124, 147 கிரெயின் எடைகள் வழங்குகின்றன. 124 கிரெயின் ஏறத்தாழ 8 கிராம். எவ்வெடையாயினும், அவ்வெடைக்கும் வடிவுக்கும் உரியதாக வெளியிடப்பெற்ற மருந்துப் பட்டியலையே பின்பற்றி, அதிற் கண்ட மிகக் குறைந்த அளவினின்று தொடங்குதல் வேண்டும். குண்டு கூட்டினுட் சற்று ஆழ்ந்து அமையினும் அழுத்தம் ஏறும். மிகின் துப்பாக்கியே பிளக்கும். பிடித்த கையும் பிழையாது.

நான்காவதே பூச்சின் தரம். ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குக. பூச்சு உதிராது உடன் விரியின் நன்று. செதில் செதிலாய் உரியின் தீது. அசிட்டோன் தோய்த்த துணியால் தேய்க்குங்கால் நிறம் துணியில் ஏறின், அது நன்கு சுடப்படவில்லை என்று அறிக. நல்ல பூச்சும் கூட்டின் வாய் குறுகியிருப்பிற் சுரண்டப்படும். ஆதலின் வாயைச் சிறிதே அகலச்செய்து குண்டைப் பொருத்துவர். ஒன்றைத் திரும்ப வெளியே எடுத்துக் கீறல் உளதோ எனவும் பார்ப்பர்.

இனி, யாவற்றினும் தலையாய செய்தி ஒன்றுண்டு. குழலைக் காக்கும் பூச்சு மனிதனையும் காக்குமோ? ஒருவாறு காக்கும். சாதாரணச் செம்புறைக் குண்டின் அடிப்பாகம் பெரும்பாலும் திறந்தே இருத்தலின், அனல் ஈயத்தை நேரே தீண்டும். பூச்சோ அடியையும் மூடும். தொடும் விரலிலும் ஈயம் ஒட்டாது. ஆயினும் வழக்கமான எரியூட்டியிலேயே ஈய உப்பு உண்டு. அது ஒவ்வொரு வெடிப்பிலும் காற்றிற் கலக்கிறது. குறியின்பின் உள்ள இரும்பில் மோதிச் சிதறும் குண்டு ஈயத் தூளாகிறது. குருதியில் ஈயம் எவ்வளவு இருப்பினும் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு ஏதும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு. அது சிறுவரின் மூளையை மிகத் தாக்குவது. சுட்டுவிட்டு வந்த தந்தையின் ஆடைத் தூளே மகவுக்கு நஞ்சாகலாம். ஆதலின் காற்றோட்டமுள்ள இடம், வேலையிடத்தில் உண்ணாமை, சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், உடை மாற்றிய பின்னரே வீடு புகுதல் ஆகிய நான்கும் எப்பூச்சினும் சிறந்த காப்பாகும்.

மேலாடை பொருளின் இயல்பை மாற்றாது. மறைக்க மட்டுமே வல்லது. பச்சையும் சிவப்புமாய் மின்னும் குண்டினுள்ளே இருப்பது பழைய ஈயமே. டம்டம் சிப்பாய் தன் வாயருகே வந்த தோட்டாவை நோக்கி, இதன்மேல் இருப்பது யாது என வினவினான். இன்று குண்டைக் கையில் எடுப்போர் அதனோடு, இதனுள் இருப்பது யாது எனவும் வினவுதல் கடனாம்.