நெஞ்சுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்!

விண்டோஸுக்கு அப்டேட் வந்தால் ஒரே கிளிக்கில் இறக்கிக்கொள்கிறோம். நெஞ்சில் பொருத்திய பேஸ்மேக்கருக்கும் அப்படிச் செய்ய முடியுமா? உங்கள் வீட்டில் இதயக் கருவி பொருத்தியவர் இருந்தால், இன்டர்நெட் அவருக்கு எதுவரை உதவும் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

இதயம் மிக மெதுவாகத் துடித்தால் சிறிய மின்துடிப்பு கொடுத்துச் சீராக்குவது பேஸ்மேக்கர். ஆபத்தான வேகத்தில் துடித்தால் ஷாக் கொடுத்து மீட்பது ஐ.சி.டி. இரண்டுமே பேட்டரியில் ஓடும் குட்டிக் கம்ப்யூட்டர்கள்தான். உள்ளே சாப்ட்வேரும் உண்டு.

வீட்டிலிருந்தே கண்காணிப்பு

பல கருவிகளுக்கு ஒரு மானிட்டர் பெட்டி தருகிறார்கள். அதைப் படுக்கைக்கு அருகில் வைத்து பிளக்கில் செருகிவிட்டால் போதும். கருவியில் பதிவான துடிப்பு விவரங்களையும் பேட்டரியின் நிலையையும் வயர்லெஸ் முறையில் படித்து, செல்போன் நெட்வொர்க் வழியாக அனுப்பிவிடும். டாக்டர் தன் கம்ப்யூட்டரில் அதைப் பார்ப்பார். சில புதிய மாடல்களில் ஸ்மார்ட்போன் ஆப்பே இந்த வேலையைச் செய்கிறது. போனைச் சட்டைப்பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைப்பது நல்லது.

ஆனால் 24 மணி நேரமும் யாரோ திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஐ.சி.டி. ஒருமுறை ஷாக் கொடுத்து, அதன்பின் உடம்பு சரியாக இருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அடுத்தடுத்து ஷாக் வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்டேட் எப்படி?

2017 ஜனவரியில் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் மானிட்டர் பெட்டியில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பெட்டியை பிளக்கிலும் நெட்வொர்க்கிலும் இணைத்து வைத்திருந்தவர்களுக்கு, அதைச் சரிசெய்யும் சாப்ட்வேர் தானாகவே வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பேஸ்மேக்கருக்கே அப்டேட் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகள் இதில் அடங்கும். ஆனால் இதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. மருத்துவமனைக்குச் சென்றால் சுமார் 3 நிமிட வேலை. அந்த நேரத்தில் இதயத்துடிப்பு நின்றுவிடாதபடி, கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற பேக்அப் நிலையில் இயங்கும். பாதியில் ஏதாவது கோளாறு ஏற்பட்டால் கவனிக்க டாக்டர் அருகில் இருக்க வேண்டும் அல்லவா?

தேடும் முன்...

கருவி பொருத்தியதும் தரப்படும் அடையாள அட்டையில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். 'ரீகால்' என்ற செய்தியைப் பார்த்தால், அந்த எண்களை வைத்து தயாரிப்பாளரின் வெப்சைட்டில் சரிபாருங்கள். ரீகால் என்றாலே கருவியை வெளியே எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 2017-லும் அப்டேட்தான் போடப்பட்டது. உங்கள் கருவிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.