அக்கா கணக்கில் போட்ட அப்டேட் தம்பிக்கும் சேருமா?

ஒரு வீட்டுக்கு அரசு மடிக்கணினி கிடைத்திருந்தால், அது அக்காவோடு நிற்பதில்லை. தம்பி படிக்கிறான், அப்பா சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். சிக்கல் அப்டேட்டில் தொடங்குகிறது.

விண்டோஸ் அப்டேட் கணினி முழுவதற்கும் பொதுவானது. யார் கணக்கில் போட்டாலும் எல்லோருக்கும் சேரும். குரோம் எப்போதும் அப்படியல்ல. நிர்வாகி கடவுச்சொல் இல்லாமல் நிறுவிய குரோம், நிறுவியவரின் கணக்குக்குள் மட்டுமே இருக்கும். அக்காவுடையது புதிதாகிக்கொண்டே போக, தம்பி மாதக்கணக்கில் திறக்காத கணக்கில் பழையதே கிடக்கும். ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து, குரோமின் உதவிப் பகுதியில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். எண்கள் வேறுபட்டால், அந்தந்தக் கணக்கிலிருந்து குரோமை நீக்கிவிட்டு, நிர்வாகி கணக்கிலிருந்து ஒரே முறை நிறுவுங்கள். நீக்கும்போது உலாவல் தரவையும் அழிக்கவா என்று கேட்கும். அதில் டிக் போட வேண்டாம்.

அப்டேட் பாதியில் நிற்கிறதா? இன்னொருவர் வெளியேறாமல் கணக்கை மட்டும் மாற்றியிருக்கலாம். அவர் வேலையைச் சேமித்து வெளியேறிய பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்திருந்தால், விண்டோஸ் பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. டேட்டா மிச்சமாகும், ஆனால் பாதுகாப்பு பின்தங்கும். நல்ல இணைப்பு கிடைக்கும் நாளில் நீங்களே போய் இறக்கச் சொல்ல வேண்டும்.

தொல்லை தாங்காமல் எல்லோரையும் நிர்வாகி ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால், ஒருவர் தவறாக அழுத்தும் கோப்பு எல்லோர் கோப்புகளையும் பாழாக்க முடியும். நிர்வாகி கணக்கு நிறுவுவதற்கு மட்டும் இருக்கட்டும். அதன் கடவுச்சொல் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே விண்டோஸின் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருந்தது. மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல், அந்த அப்டேட்டைப் போடாத கணினிகளைத்தான் 150 நாடுகளில் முடக்கியது.

விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் குரோம் 109 பதிப்போடு நின்றுவிட்டது. எந்தக் கணக்கில் முயன்றாலும் அதற்கு மேல் போகாது. அவற்றில் வங்கி வேலை வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 22எச்2 பதிப்பு வைத்திருக்கும் வீட்டுப் பயனர்கள் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம். அதை நிர்வாகி கணக்கிலிருந்துதான் செய்ய முடியும்.

பழுதுபார்க்கக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. காசு வாங்கிக்கொண்டு திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். திரையில் திடீரெனத் தோன்றி, அப்டேட்டுக்கு இந்த எண்ணை அழையுங்கள் என்று சொல்லும் செய்தி மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் உங்கள் இழப்புதான் என்றும் அது சொன்னது.