பாட்டிக்கு ஒரு முறுகல் தோசை!

'கடப்பா' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சமையல் மேடையில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லா? மற்ற ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நாக்கைச் சப்புக் கொட்டுவார்கள்!

இந்தக் கடப்பா இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்வது. பார்த்தால் குருமா மாதிரி இருக்கும்; ஆனால் குருமா இல்லை. பருப்பு வாசனை அடிக்கும். ஆனால் சாம்பாரும் இல்லை. வெளுத்த நிறத்தில், கொழகொழவென்று, சோம்பும் தேங்காயும் மணக்க, கடைசியில் லேசாக ஒரு எலுமிச்சைப் புளிப்போடு இருக்கும். காவிரிக் கரையைத் தாண்டிப் போய்விட்டால் பல ஊர் ஓட்டல்களில், "கடப்பாவா? அப்படின்னா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

நம் பக்கத்து ஓட்டல்களில் மட்டும் தினமும் கிடைத்துவிடுமா என்ன? அதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள். கொஞ்சம் தாமதமாகப் போனால், "கடப்பா தீர்ந்துடுச்சு தம்பி, சாம்பார் ஊத்தட்டுமா?" என்பார் சர்வர். அழுகை வராத குறைதான்!

சரி, திருவாரூர் மாவட்டம் வலங்கைமானில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணம் சுமார் 10 கி.மீ. தூரம்தான். அப்பாவோடு பஸ் ஏறிப் போய் ஒரு முறுகல் தோசையும் கடப்பாவும் ஜோராகச் சாப்பிட்டாயிற்று. வீட்டில் பாட்டி இருக்கிறார். முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. பாட்டிக்கும் ஒரு பார்சல் வாங்கிக்கொள்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால்..? முறுகல் தோசை ஈரத் துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. கடப்பாவோ களி மாதிரி இறுகிவிட்டது. பாட்டி பாவம், "நல்லாத்தான்டா இருக்கு" என்று சொல்லிச் சாப்பிடுவார். அது உங்களுக்காகச் சொல்வது!

இதில் ஓட்டல்காரர் மேல் தப்பே இல்லை. சூடான தோசையில் இருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். தட்டில் இருந்தால் அது காற்றோடு போய்விடும். பொட்டலம் கட்டிவிட்டால் எங்கே போகும்? உள்ளேயே தண்ணீராகப் படிந்து, தோசை அதைக் குடித்துவிடுகிறது. கடப்பாவில் உருளைக்கிழங்கு, பருப்பு, பொட்டுக்கடலை என்று மூன்றிலும் மாவுச்சத்து. சூட்டில் இளகி ஓடும் மாவுச்சத்து, ஆறினால் இறுகிவிடும். (வீட்டில் செய்த கடப்பா இறுகினாலும் இதே காரணம்தான். கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடு பண்ணினால் பழையபடி ஆகிவிடும்.)

ஆகவே பாட்டிக்கு நிஜமான முறுகல் தோசையும் கடப்பாவும் வேண்டும் என்றால், அதை வீட்டில்தான் செய்தாக வேண்டும். செய்து பார்ப்போமா?

நாக்குதான் துப்பறியும் சிங்கம்!

ஓட்டலில் சாப்பிட்ட ஒன்றை வீட்டில் செய்ய முதலில் அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண், மூக்கு, நாக்கு மூன்றும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டிய இடம் இது. கண்ணுக்கு என்ன தெரிகிறது? உதிர்த்துவிட்ட உருளைக்கிழங்கு, வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு பிரிஞ்சி இலை. சிவப்பு நிறம் இல்லை. அப்படியானால் காரம் மிளகாய்த்தூளில் இருந்து வரவில்லை, பச்சை மிளகாய்! அடியில் குழைந்து கிடப்பது துவரம்பருப்பா, பாசிப்பருப்பா? சாம்பாரின் வாசனை இல்லையே, அப்போது பாசிப்பருப்பு.

மூக்கு இதில் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமா? மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு சோம்பை மெல்லுங்கள். லேசாக ஒரு இனிப்பு தெரியும், அவ்வளவுதான். இப்போது மூக்கை விடுங்கள். அட, சோம்பு! வாய்க்குள் இருந்து தொண்டை வழியாக மூக்குக்கு வாசனை போவதால்தான் அது சோம்பு என்றே தெரிகிறது. ஜலதோஷம் பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதும் இதனால்தான்.

ஜப்பானில் இப்படி நாக்கால் துப்பறிந்தவர் ஒருவர் உலகப் புகழே பெற்றுவிட்டார். அவர் பெயர் கிகுனே இகேடா. டோக்கியோவில் வேதியியல் பேராசிரியர். கொம்பு என்ற கடல்பாசியைப் போட்டுக் காய்ச்சும் சாற்றில் ஒரு தனிச்சுவை இருக்கிறதே, அது இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை, கசப்பும் இல்லை, பின்னே என்ன என்று அவருக்குக் குடைச்சல். கிலோ கணக்கில் கடல்பாசியைக் காய்ச்சி வடிகட்டி, 1908-ல் அந்தச் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரும் வைத்தார். அதைத் தூளாக்கி 1909-ல் விற்க ஆரம்பித்ததுதான் அஜினோமோட்டோ. நன்றாகப் பழுத்த தக்காளியிலேயே குளுட்டமேட் இயற்கையாக உண்டு என்பது நம் வீட்டு ரசத்துக்குத் தெரியும்!

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாக்குக்குப் பிடிபடாதது ஏதாவது இருந்தால் கேட்டுவிடலாம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "அண்ணே, கடப்பா ரொம்ப நல்லா இருக்கு. இதுல என்ன அரைச்சு விடுறீங்க?" என்று சர்வரிடம் கேளுங்கள். நேரம் இருந்தால் அவர் உள்ளே சரக்கு மாஸ்டரிடமே கேட்டு வந்து சொல்வார். தன் சமையலை ருசித்துச் சாப்பிட்ட பிள்ளை கேட்டால் எந்த மாஸ்டருக்குத்தான் மனசு குளிராது?

கடப்பா செய்வோம்

இதில் அடுப்பு, கத்தி, குக்கர் மூன்றும் உண்டு. அதனால் அம்மா, அப்பா, அக்கா, யாராவது பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கிழங்கு உரிப்பது, தேங்காய் துருவுவது, ருசி பார்ப்பது உங்கள் வேலை!

நாலு பேருக்குச் சொல்கிறேன். பாசிப்பருப்பு அரை டம்ளர், உருளைக்கிழங்கு இரண்டு. இரண்டையும் குழைய வேகவையுங்கள். கிழங்கைத் தோலுரித்துக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டு மாவாக்கிவிடாதீர்கள். அங்கங்கே சின்னச் சின்னக் கட்டி வாயில் அகப்பட வேண்டும். தேங்காய்த் துருவல் கால் மூடி, பச்சை மிளகாய் நாலு, பூண்டு நாலு பல், சோம்பு ஒரு ஸ்பூன், கசகசா ஒரு ஸ்பூன், பொட்டுக்கடலை இரண்டு ஸ்பூன். இவற்றை நைஸாக அரைத்துக்கொள்ளுங்கள்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை போட வேண்டும். இவற்றின் வாசனைப் பொருள்கள் தண்ணீரை விட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அதனால்தான் தாளிப்பு முதலில் எண்ணெயில் நடக்கிறது. பிறகு கறிவேப்பிலை. அதை ஈரத்தோடு போட்டீர்களோ, இலையில் இருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி எண்ணெயைத் தெறிக்கவிடும். வலங்கைமான் வெடிக்குப் பேர்போன ஊர்தான், அதற்காகச் சமையலறையிலுமா? நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, சிவக்கவிடாமல் கண்ணாடி போல் வதக்குங்கள். அரைத்த விழுது, பருப்பு, கிழங்கு, உப்பு, தேவையான தண்ணீர் எல்லாம் சேர்த்து, பச்சை வாசனை போகும் வரை கொதிக்கட்டும். அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு. கொதிக்கும்போதே விட்டால் அதன் வாசனை பறந்துவிடும், கசப்பும் தட்டும். மேலே கொத்தமல்லி. சில வீடுகளில் தக்காளியும் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், தக்காளி போட்டதுமே அது குருமா பக்கம் ஒரு கால் வைத்துவிடுகிறது. சண்டைக்கு வராதீர்கள்!

ஒரு விஷயம் பார்த்தீர்களா? பாசிப்பருப்பு என்பது பச்சைப்பயறை உடைத்துத் தோல் நீக்கியதுதான். அந்தப் பயறும், தோசைக்குப் போடும் உளுந்தும் வலங்கைமானைச் சுற்றியுள்ள நெல் வயல்களிலேயே விளைகின்றன. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நெற்பயிர் நிற்கும் வயலுக்குள் விதையைத் தூவிவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் தாளுக்கு நடுவே செடி தலைகாட்டும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் விடிகாலைப் பனியுமே அதற்குத் தண்ணீர். ஆக, தோசைக்கு அரிசியும் உளுந்தும், கடப்பாவுக்குப் பயறும் ஒரே வயல் தருகிறது. உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும்தான் வெளியூர்க்காரர்கள். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர்களின் கப்பல் வழியாக நம் நாட்டுக்கு வந்தவை.

தோசை ஏன் முறுகவில்லை?

கடப்பா தயார். தோசைக்கு வருவோம். "ஓட்டல் தோசை மாதிரி இல்லையே..." என்று அம்மாவிடம் முகம் சுளித்திருக்கிறீர்களா? அம்மாவின் கையில் குறை இல்லை, கல்லில்தான் வித்தியாசம். ஓட்டலில் இருப்பது கனமான இரும்புக் கல். காலையில் ஏற்றினால் மணிக்கணக்காகக் காய்ந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் அந்தச் சூடு அசையாது. வீட்டில் இருப்பதோ மெல்லிய சின்னக் கல். மாவு பட்டதும் சூடு இறங்கிவிடும்; மாவு வறுபடாமல் வெந்துவிடும்.

வேகுவதற்கும் வறுபடுவதற்கும் என்ன வித்தியாசம்? இட்லியைப் பாருங்கள். அநேகமாக அதே மாவுதான். ஆனால் இட்லி என்றைக்காவது பொன்னிறமாக வந்திருக்கிறதா? ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மாவில் உள்ள சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் கைகோத்து, நிறமும் மணமும் உண்டாக வேண்டுமானால் சுமார் 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தோசைக்கல் அங்கே போகிறது, இட்லிப் பானை போவதில்லை. லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-ல் இதை விளக்கியதால் அவர் பெயரிலேயே 'மயார் வினை' என்கிறார்கள். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காபிக்கொட்டை எல்லாவற்றிலும் இந்த மயார் இருக்கிறார்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? கனமான இரும்புக் கல் இருந்தால் பரணில் இருந்து இறக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். இவற்றோடு ஒரு கைப்பிடி கடலைப்பருப்பும் ஊறப்போட்டு அரைத்தால் தோசை நன்றாகச் சிவக்கும். ஊற்றுவதற்கு முன்னால் மாவில் அரை ஸ்பூன் சர்க்கரை கலந்தாலும் நிறம் கொடுக்கும். இரவு முழுக்க மாவு புளிக்க வேண்டும். சித்திரையில் சீக்கிரம் பொங்கிவிடும்; மார்கழிக் குளிரில் பாக்டீரியாக்களுக்குச் சோம்பேறித்தனம், கூடுதல் நேரம் கேட்கும்.

ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் ஓட்டல் மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, தென்னை விளக்குமாற்றால் 'சர்ர்ர்' என்று தேய்ப்பார் அல்லவா? அது சும்மா வித்தை காட்ட இல்லை. கல் ரொம்பக் காய்ந்திருந்தால் மாவு ஊற்றிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு, கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். தண்ணீர் அந்தச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். மாவை மெல்லிசாகத் தேய்த்த பிறகு தீயை ஏற்றலாம். வீட்டில் விளக்குமாறு வேண்டாம், அம்மா அடிக்க வருவார்! பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

தேய்த்ததும் ஓரத்தைச் சுற்றி எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் காத்திருங்கள். ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்போதுதான் எடுக்க வேண்டும்.

முதல் தோசை அநேகமாகப் பிய்ந்துதான் வரும். அதை நின்றபடியே நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டாவதைச் சுருட்டித் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி கடப்பா ஊற்றி, ஆவி அடங்குவதற்குள் பாட்டியிடம் ஓடுங்கள்!