முகநூலும் அகமும்

ஆளைக் கண்டு குணம் சொல்லுதல் மிகப் பழைய விளையாட்டு. நடையைக் கண்டு சொல்வார் உளர். கையெழுத்தைக் கண்டு சொல்வார் உளர். பந்தியில் இருப்பவன் எந்தக் கறியை முதலில் தொடுகிறான் என்று பார்த்துச் சொல்லும் பெரியவர் ஒருவரும் எங்கள் ஊரில் இருந்தார். இன்று அந்தக் கலை இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. ஒருவர் முகநூலிலே எழுதியவற்றையெல்லாம் அள்ளிச் செயற்கை நுண்ணறிவின் முன்னே கொட்டி, "இவர் எப்படிப்பட்டவர்? சற்றே பரிகாசமாகச் சொல்லுக" என்று கேட்கிறார்கள். கேட்ட வாய் மூடுமுன் விடை வந்துவிடுகிறது.

சென்ற தவணை முடிவிலே மேல்வகுப்பு மாணாக்கர் சிலர் என்னை இவ்விளையாட்டுக்கு இரையாக்க அனுமதி கேட்டனர். "ஐயா கோபிக்கக் கூடாது" என்றான் ஒருவன். கோபியேன் என்று வாக்குக் கொடுத்தேன். இயந்திரம் சொல்லிற்று: "இவர் மரணத்தில் மிகுந்த நாட்டமுடையவர். மனிதரை அவர் இறந்த பின்னரே புகழ்வார். சந்திப் பிழை கண்டால் சினங் கொள்வார். மாம்பழம் ஒன்றே இவரை மகிழ்விக்கும்."

வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்தேன். சந்திப் பிழை முற்றும் உண்மை. மாம்பழம் அதனினும் உண்மை.

வீடு வந்தபின் சிரிப்பு அடங்கிற்று. மரணத்தில் நாட்டமா? எனக்குக் கற்பித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய்ப் போகிறார்கள். கனடாவில் ஒருவர், இலண்டனில் ஒருவர் என்று செய்தி வருகிறது. செத்தவீட்டுக்குப் போய் முற்றத்திலே சற்று நேரம் இருந்துவிட்டு வர வழியில்லை. ஆகவே நாலு வரி எழுதுகிறேன். உயிரோடிருப்பவரைப் பாராட்ட எனக்கு முகநூல் வேண்டியதில்லை. அவர் வீட்டுப் படலை இருக்கிறது. நான் எழுதியதை இயந்திரம் கண்டது. ஏன் எழுதினேன் என்பதைக் கண்டதில்லை.

இதனால் இயந்திரத்தை எள்ளி நகையாடிவிடலாமோ எனின், அது நியாயமன்று. 2013ஆம் ஆண்டிலே கொசின்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள், 58,000க்கு மேற்பட்டோர் முகநூலில் இட்ட விருப்பக்குறிகளை ஆராய்ந்தனர். இடிமழையையும் சுருளாகப் பொரித்த உருளைக்கிழங்கையும் விரும்புவோரிடத்தே நுண்ணறிவு மிகுந்திருக்கக் காணப்பட்டது! கிழங்கு தின்றால் அறிவு வரும் என்பது பொருளன்று. அக்குறியை இட்ட கூட்டத்திலே அத்தகையோர் மிகுதியாக இருந்தனர், அவ்வளவே. 2015ஆம் ஆண்டு ஆய்விலே மேலும் ஒரு படி சென்றனர். புதுமை நாடல், ஒழுங்குடைமை, கலந்து பழகல், இணங்கிப் போதல், மனக்கலக்கம் என்னும் ஐந்து பண்புகளை அளப்பதில், 10 விருப்பக்குறி கிடைத்தால் இயந்திரம் உடன் தொழில் செய்பவரை வென்றது. 70 கிடைத்தால் நண்பரை வென்றது. 150 கிடைத்தால் குடும்பத்தாரை வென்றது. 300 கிடைத்தால் வாழ்க்கைத் துணைக்கும் நிகராயிற்று.

இல்லாளை வெல்லும் இயந்திரம்! கேட்கவே அச்சமாயிருக்கிறது. ஆயினும் அளவுகோலை நோக்குக. முழுப் பொருத்தத்தை 1 எனக் கொண்டால், இயந்திரம் பெற்றது 0.56; மனிதர் பெற்றது 0.49. எதனோடு பொருத்தம்? அவரவர் தம்மைப் பற்றித் தாமே வினாத்தாளில் எழுதிய விடையோடு பொருத்தம். ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும்போது இது பெரிய வெற்றி. எதிரே நிற்கும் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, தவறுதற்கு நிறைய இடமுண்டு.

அப்படியானால் இயந்திரம் சொல்வது ஒவ்வொருவருக்கும் "என்னையே சொல்கிறது" என்று தோன்றுவது ஏன்? அதற்கும் விடை உண்டு. 1948இலே அமெரிக்க உளவியலாளர் பேட்ராம் ஃபோரர் தம் மாணாக்கர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, குணக்குறிப்பு ஒன்றை அவரவருக்கெனத் தனித்தனியே கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என 5 புள்ளிக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு பார்த்தால், எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு! கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து பொறுக்கியது. எல்லாருக்கும் பொருந்தும் சட்டையை, நமக்கென்றே தைத்தது என்று மகிழ்வது மனித இயல்பு.

இவ்வளவும் அறிந்த நானே சறுக்கினேன். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

என்னோடு முடித்திருக்க வேண்டிய விளையாட்டை மாணாக்கர் அன்று தம் தோழன் ஒருவன்மேல் திருப்பினர். அவனிடம் கேட்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அவன் இடுவதெல்லாம் சினிமாப் பகிடிகள். "கவலை அறியாதவர், எதற்கும் பொறுப்பேற்காதவர்" என்றது இயந்திரம். எல்லாரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். அன்று முதல் அவனுக்கு அதுவே பட்டப்பெயராயிற்று.

சில வாரம் கழித்துத் தமிழ்த்தின விழாவுக்குக் கணக்குப் பார்க்க ஒருவனைத் தெரிய வேண்டியிருந்தது. பெயர்ப் பட்டியலிலே என் விரல் அவன் பெயரைத் தாண்டிச் சென்றது. தாண்டியதை அப்போது நான் உணரவுமில்லை. பின்னொரு நாள் விடியற்காலையிலே சந்தைக்குப் போனேன். மரக்கறிக் கடையொன்றிலே, தகப்பனுக்குப் பக்கத்தில், கொப்பியும் பேனையுமாய்க் கொடுக்கல் வாங்கல் கணக்கை எழுதிக்கொண்டு நின்றான் அவன். நாள்தோறும் அது முடித்தே பள்ளிக்கு வருகிறானாம். "இதையெல்லாம் முகநூலில் போடுவதில்லையோ தம்பி?" என்றேன். "இதை ஏன் ஐயா போடுவான்?" என்றான்.

எனக்குச் சங்கப் புலவர் நினைவுக்கு வந்தனர். குறுந்தொகையிலே சில புலவருக்குப் பெயர் தெரியவில்லை. அவர் பாட்டிலிருந்த அரிய தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடுமுன்றிலார் என்றும் பெயரிட்டனர் முன்னோர். ஒரு தொடரைக் கொண்டு பெயர் இட்டனர், குணம் கூறிற்றிலர். அந்த அடக்கம் புலமையின் அடையாளம். திருக்குறளிலே குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். இரண்டிலும் குறிப்பறிபவர் எதிரே இருக்கிறார், கண்ணை நோக்குகிறார். சந்தைக்குப் போன அன்றுதான் அந்தப் பையனை நான் அவ்வாறு நோக்கினேன்.

விளையாட்டு என்று தொடங்கியது விளையாட்டாகவே முடிவதில்லை என்பதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. முகநூலில் ஏறக்குறைய 270,000 பேர் சேர்ந்த குணச்சோதனை ஒன்றின் வழியாக, அவர்தம் நண்பர் விவரங்களும் திரட்டப்பட்டு, கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயின. 8 கோடி 70 இலட்சம் பேர்வரை அதில் அகப்பட்டிருக்கலாம் என 2018இல் முகநூல் நிறுவனமே கூறிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்தச் சோதனையைக் கண்ணாலும் கண்டவரல்லர்.

ஆகவே மாணாக்கருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் எழுத்தைக் கொடுத்து உங்களைப் பற்றிக் கேளுங்கள், சிரியுங்கள், மெய் இருந்தால் திருந்துங்கள். பிறன் எழுத்தைக் கொடுக்குமுன் பிறனைக் கேளுங்கள். வந்த விடையைக் கொண்டு ஒருவனைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்.

அடுத்த விழாவுக்குக் கணக்கு அவன் கையில் இருக்கிறது. இதுவரை ஒரு சதமும் பிசகவில்லை. சந்திப் பிழைதான் ஆங்காங்கே உண்டு. அதற்குக் கோபிக்க நான் இருக்கிறேன்.