நாள்வாடகை வீடும் தீண்டாமைச் சட்டமும்

சென்னை கிரீம்ஸ் சாலையைச் சுற்றிய தெருக்களில், சமையலறையுடன் கூடிய வீடுகள் நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விடப்படுகின்றன. சிகிச்சைக்காக வரும் குடும்பத்துக்கு விடுதி அறை போதாது. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு வேண்டும். சிக்கலும் அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. "சைவம் மட்டும்" என்கிறது விளம்பரம். தொலைபேசியில் பேசினால் சொந்த ஊர், தெரு, அப்பா பெயர் எனக் கேள்விகள் நீள்கின்றன. பிறகு, "வீடு காலியில்லை."

இப்படி விடப்படும் வீடு உரிமையாளரின் தனிப்பட்ட இல்லமா, பொதுமக்களுக்குத் திறந்த விடுதியா? வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2). இது தனியாரையும் கட்டுப்படுத்தும். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், இங்கே 'கடை' என்பது சேவை வழங்க முன்வரும் எவரையும் குறிக்கும் பரந்த சொல் என்று விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விரிந்த பொருளை ஏற்றுத் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் பொருத்தியது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 இன்னும் வெளிப்படையானது. அதில் 'விடுதி' என்பதன் வரையறைக்குள் தங்குமனைகளும் அடங்கும். ஆகவே பணம் செலுத்தும் எவருக்கும் என விளம்பரப்படுத்தப்படும் வீடு, 'என் சொந்த வீடு' என்ற வாதத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே என் கருத்து. உரிமையாளர் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை விடும்போது வழக்கு கடினமாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பாத்திரங்களையும் விட்டுவைக்கவில்லை. விடுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமையின் பெயரால் தர மறுப்பது குற்றம். தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை. 'உங்களுக்குத் தனி டம்ளர்' என்பது கிராமத்துத் தேநீர்க் கடையோடு முடிந்துபோன கதை அன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவிலும் கடைகள், பொது இடங்கள், பொதுப் பயன்பாட்டுப் பாத்திரங்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. அதன்படி தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

சாதிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? பட்டியல் சாதியினர் ஒருவர்மீது 1955 சட்டத்தின்படி குற்றமாகும் செயல் நிகழ்ந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. வழக்கறிஞர்களே அதிகம் கையாளாத பிரிவு இது. தெருவையும் அப்பா பெயரையும் துருவிய கேள்விகள், உரிமையாளர் எதைத் தேடினார் என்பதற்குச் சான்றாகும்.

சைவ விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், அது மட்டுமே குற்றமாகாது. விதிக்கு உட்படச் சம்மதித்த பிறகும் மறுத்தாலோ, பிறரிடம் கேட்காததை நம்மிடம் மட்டும் கேட்டாலோ, உணவு வெறும் சாக்கு.

அடையாள அட்டையும் சாதியைக் காட்டிக்கொடுக்கிறது. ஆதாரில் சாதி இல்லை. முகவரியில் 'காலனி' இருக்கிறது. முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரிலும் முகவரி மறைவதில்லை. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மக்கள் கையிலுள்ள பழைய அட்டைகளில் அது இருந்துகொண்டுதான் இருக்கும்.

இணையவழி முன்பதிவில் இந்த வேலையைப் பெயரே செய்துவிடுகிறது. அமெரிக்காவின் 5 நகரங்களில் ஏர்பிஎன்பி தளத்தைச் சோதித்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. கறுப்பினத்தவருக்கு உரியதாகக் கருதப்படும் பெயர்களில் அனுப்பிய கோரிக்கைகள் ஏற்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவாக இருந்தது. அம்பேத்கர் 1917இல் பரோடாவின் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில்தான் தங்க முடிந்தது. பெயர் வெளிப்பட்டதும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள்.

புகாரோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். உரையாடலை வாட்ஸ்அப்பில் நடத்துங்கள். விளம்பரத்தைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். 'காலியில்லை' என்ற சில நிமிடங்களில், அதே தேதிகளுக்கு வேறு பெயரில் ஒரு நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் தேவை. மூலக் கைப்பேசியைத் தொலைக்காதீர்கள். வன்கொடுமை வழக்கைப் பதிவு செய்யும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை, தயங்கும் காவல் ஆய்வாளரிடம் 18ஏ பிரிவைக் காட்டிச் சொல்லலாம். முன்பணம் பெற்றபின் வாசலில் திருப்பியனுப்பினால் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, சொந்த மாவட்டத்திலேயே தொடரலாம்.